பவளப்பாறைக் கடலில் முதல் டைவ்: படிவம், செலவு, நாள் கணக்கு

மாலத்தீவோ, இந்தோனேசியாவின் ராஜா அம்பட்டோ, கிரேட் பேரியர் ரீஃபோ, நீங்கள் போகும் தீவு எதுவாக இருந்தாலும், தண்ணீருக்கடியில் மூச்சு விடுவது இந்த வேலையில் சுலபமான பாகம். அதைச் சொல்லித்தர ஆள் இருப்பார். கரையில் முடிக்க வேண்டியவற்றைத்தான் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. எந்தப் படிவம் எப்போது கைக்கு வரும், அதில் ஓரிடத்தில் ‘ஆம்’ என்று போட்டால் என்ன ஆகும், சொன்ன கட்டணத்தில் எதெல்லாம் அடங்காது, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பதையெல்லாம் நான் அலைந்து, கேட்டு, சிலவற்றுக்கு இரண்டாம் முறை பணம் கட்டித் தெரிந்துகொண்டேன். அதிக நாள் பிடிக்கும் வேலைகளை முன்பகுதியில் வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். இந்த வரிசையில் போனால் தீவில் இறங்கியபின் ஓட வேண்டியிருக்காது.

1. உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழி இருக்கிறது. முதலாவது ஸ்நார்க்கெலிங்: மாஸ்க், மூச்சுக்குழாய், ஃபின் (காலில் போடும் துடுப்பு) மூன்றையும் மாட்டிக்கொண்டு மேற்பரப்பில் மிதந்தபடி கீழே பார்ப்பது. சான்றிதழ் வேண்டாம். இரண்டாவது அறிமுக டைவ். ஒரே நாளில் சின்னப் பாடம், ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி, பிறகு பயிற்றுநர் கூடவே வர கடலில் இறங்குவது. அதிகபட்சம் 12 மீட்டர். இதற்குச் சான்றிதழ் கிடைக்காது, அடுத்த முறை போனாலும் மறுபடி ஆரம்பத்திலிருந்துதான். மூன்றாவது ‘ஓப்பன் வாட்டர்’ என்கிற முழுப் பயிற்சி. மூன்று நான்கு நாள் பிடிக்கும். முடித்தால் 18 மீட்டர் வரை, துணை டைவர் ஒருவருடன் உலகில் எங்கும் இறங்கலாம்.

உங்களிடம் ஒரே ஒரு நாள் இருக்கிறதென்றால் என் யோசனை ஸ்நார்க்கெலிங். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே பவளத் திட்டின் மேற்பகுதியிலேயே நிறமும் மீனும் அதிகம். ஆழம் போகப்போக சிவப்பு முதலில் மறையும். பதினைந்து இருபது மீட்டரில் டார்ச் அடிக்காமல் பார்த்தால் எல்லாம் நீலச்சாம்பல்தான். சில இடங்களில் ஸ்கூபாவுக்கே, அதாவது காற்று டேங்க்கோடு டைவ் செய்வதற்கே, அனுமதி இல்லை. மாலத்தீவின் பா அட்டோல் என்கிற பவளத் தீவு வளையத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும்போது ஸ்நார்க்கெல் மட்டும்தான். டேங்க்கைத் தூக்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு முறைக்கு மேல் டைவ் செய்வோம் என்று தோன்றினால் அறிமுக டைவில் பணம் போடாமல் நேராகப் பயிற்சிக்கே போய்விடுங்கள். சில பள்ளிகள் அறிமுக டைவைப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கழித்துக்கொள்ளும். ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.

2. மருத்துவப் படிவம்: வீட்டிலேயே நிரப்புங்கள்

பலருடைய பயணம் கவிழும் இடம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் ஒரே மாதிரியான மருத்துவக் கேள்வித்தாளைத்தான் பயன்படுத்துகின்றன. முதல் பக்கத்தில் 10 கேள்விகள். நுரையீரல், இதயம், காது, சைனஸ், மயக்கம், வலிப்பு, மனநலம், முதுகு, நீரிழிவு, வயிறு என்று எல்லாவற்றையும் தொட்டுப் போகும். பத்துக்கும் ‘இல்லை’ என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் இரண்டாம் பக்கத்தில் அதற்கான கட்டத்துக்குப் போய் மேலும் பதில் சொல்ல வேண்டும். 45 வயதுக்கு மேல் என்பதும் இதில் ஒரு கேள்வி. வயது தாண்டியதாலேயே தடை கிடையாது. புகைப்பழக்கம், கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று கூடுதலாகக் கேட்பார்கள், அதில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் டாக்டர்.

மூன்று கேள்விகள் இன்னும் கறார். மிதமான உடற்பயிற்சிகூடச் சிரமமா, கடந்த 12 மாதத்தில் அறுவைசிகிச்சை நடந்ததா, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா. இவற்றில் எதற்கு ‘ஆம்’ போட்டாலும் இரண்டாம் பக்கத்துக்கே போக வேண்டியதில்லை, நேராக டாக்டர் கையெழுத்துதான். மருந்துக் கேள்வியில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். தினமும் காலையில் தைராய்டு மாத்திரை போடுபவருக்கு அது ‘வியாதி’ என்றே தோன்றுவதில்லை. படிவத்துக்கு அது தெரியாது. மருந்து என்றால் மருந்து. கருத்தடை மாத்திரைக்கும் பெரும்பாலான மலேரியா தடுப்பு மருந்துகளுக்கும் மட்டும் விலக்கு.

இப்போது பிரச்சினை என்னவென்றால், இந்தப் படிவத்தைப் பயிற்சி தொடங்கும் காலையில், படகு தயாராக நிற்கும்போது நீட்டுகிற டைவ் கடைகள் (பயிற்சியும் படகும் கருவியும் தருபவை) உண்டு. எனக்கும் அப்படித்தான் நீட்டினார்கள். அந்த நேரத்தில் ‘ஆம்’ என்று எழுதினால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். குட்டித் தீவில் டாக்டரே இருக்க மாட்டார், இருந்தாலும் டைவிங் பற்றித் தெரியாததால் கையெழுத்துப் போடத் தயங்குவார். கட்டிய பணம் திரும்புவது கடையின் மனசைப் பொறுத்தது. அதனால் சிலர் ‘எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் பண்ணிவிடுங்கள்’ என்று காதோடு சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். ஆஸ்துமா இருப்பவரின் நுரையீரலில் காற்று எங்காவது அடைபட்டிருந்தால், மேலே வரும்போது அது விரிந்து நுரையீரலையே கிழிக்கக்கூடும். பொய் சொன்னது தெரிந்தால் காப்பீடும் கைவிரிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: இடத்தைப் பதிவு செய்யும்போதே படிவத்தை அனுப்பச் சொல்லுங்கள். அச்சடித்து வீட்டில் நிதானமாக நிரப்புங்கள். ஒரு ‘ஆம்’ இருந்தாலும் உங்களைத் தெரிந்த டாக்டரிடம் எடுத்துப்போங்கள். படிவத்திலேயே டாக்டருக்கான பக்கம் உண்டு. தனியாக வெள்ளைத்தாளில் ‘இவர் ஆரோக்கியமாக இருக்கிறார்’ என்று வாங்கி வருவதைப் பல கடைகள் ஏற்பதில்லை, அந்தப் பக்கத்திலேயே கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். டாக்டர் ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே என்று கேட்டால் அதற்கும் நாள் ஆகும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால் பதற்றமில்லை. கையெழுத்து பொதுவாக ஒரு வருடம் செல்லும், இடையில் உடல்நிலை மாறாமல் இருந்தால். அசல் ஒன்று, நகல் ஒன்று, கைப்பேசியில் படம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருந்தால் ஸ்கூபா கூடவே கூடாது. இதற்கு எந்த டாக்டர் கையெழுத்தும் உதவாது.

3. நீச்சல்

அறிமுக டைவுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பதில்லை. முழுப் பயிற்சிக்குக் கட்டாயம். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், வேகம் முக்கியமில்லை, எந்த ஸ்டைலும் ஆகலாம். அல்லது மாஸ்க், ஃபின், ஸ்நார்க்கெலோடு 300 மீட்டர். அப்புறம் எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும்.

நீச்சலே தெரியாதவர் இரண்டு மாதம் முன்பே குளத்தில் இறங்கிவிடுவது நல்லது. ஓரளவு தெரிந்தவருக்கும் அந்தப் பத்து நிமிட மிதப்புதான் பாடாய்ப்படுத்தும், மல்லாந்து படுத்து மிதக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு 10 வயதிலிருந்து ஜூனியர் பயிற்சி உண்டு. 10, 11 வயதுக்காரர்களுக்கு வரம்பு 12 மீட்டர். பெற்றோர் கையெழுத்து வேண்டும். பெற்றோர் கூட வரவில்லை என்றால் அதை முன்கூட்டியே வாங்கி அனுப்புங்கள்.

4. பள்ளியைத் தேர்வு செய்வது

எந்தப் பயிற்சி அமைப்பின் சான்றிதழ் நல்லது, பேடியா (PADI), எஸ்.எஸ்.ஐ.யா (SSI) என்று மணிக்கணக்காக விவாதிக்கிறார்கள். வீண் வேலை. தொடக்கநிலைச் சான்றிதழைப் பொறுத்தவரை இவை இரண்டும், சி.எம்.ஏ.எஸ்., நாவி போன்றவையும் எல்லா ஊரிலும் செல்லும். பயிற்றுநர் யார், அவரிடம் எத்தனை பேர் என்பதுதான் உங்கள் அனுபவத்தைத் தீர்மானிக்கும்.

பணம் கட்டும் முன் கடைக்கு எழுதிக் கேளுங்கள்: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? விதி எட்டுப் பேர் வரை அனுமதிக்கிறது. நாலுக்கு மேல் என்றால் நான் வேறு கடை பார்ப்பேன். அறிமுக டைவ் என்றால் இரண்டு பேர்தான் நிம்மதி. படகில் ஆக்சிஜன் கிட் இருக்கிறதா? வானொலி இருக்கிறதா? மிக அருகிலுள்ள அழுத்தச் சிகிச்சை அறை (டைவால் உடலில் வாயுக் குமிழி உண்டானால் சிகிச்சை தரும் இடம்) எங்கே, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம்? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லும் கடையை நம்பலாம். ‘அதெல்லாம் தேவைப்படாது’ என்று சிரிப்பவரிடமிருந்து கழன்றுகொள்ளுங்கள்.

இன்னொரு வழியையும் யோசித்துப் பாருங்கள். பாடமும் குளப் பயிற்சியும் சொந்த ஊரிலேயே முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவ்களை மட்டும் தீவில் முடிக்கலாம். ‘ரெஃபரல்’ என்பார்கள். ஊரில் பயிற்றுநர் கையெழுத்திட்ட தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தீவுப் பள்ளி மீதியை நடத்தும். பொதுவாக ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். இதில் லாபம் நாள். தீவில் நான்கு நாள் போக வேண்டிய இடத்தில் இரண்டு நாள்தான் போகும், அந்த இரண்டும் கடலிலேயே. கடல் டைவ்களை ஒரே நாளில் முடிக்க விதி அனுமதிப்பதில்லை, குறைந்தது இரண்டு நாள் வேண்டும். ‘ஒரே நாளில் சான்றிதழ்’ என்று எவராவது விற்றால் அதில் ஏதோ ஒன்று இல்லை.

ரெஃபரல் வேண்டாம் என்றாலும் பாடத்தை மட்டுமாவது ஆன்லைனில் வீட்டிலேயே படித்து முடியுங்கள். கடல் தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுத்தம், கன அளவு என்று பல்தேர்வு வினாக்களுக்கு விடை எழுதுவது போன்ற கொடுமை வேறில்லை.

5. செலவு: சொன்ன தொகை எப்போதும் முழுத் தொகை இல்லை

பயிற்சிக் கட்டணம் இவ்வளவு என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் கணக்கை முடித்துவிடாதீர்கள். ஆன்லைன் பாடத்துக்கும் சான்றிதழ் அட்டைக்கும் தனிக் கட்டணம் இருக்கலாம். கருவி வாடகை சேர்ந்ததா, ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் அதில் அடக்கமா? படகுக் கட்டணம்? கடல் பூங்கா நுழைவுக் கட்டணம்? இது பல தீவுகளில் தனி, சில இடங்களில் நாளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். கரீபியனில் உள்ள பொனேரில் இயற்கைக் கட்டணம் கட்டினால்தான் தண்ணீரில் கால் வைக்கலாம், முதல் டைவ் கட்டாயச் சோதனை டைவ். ராஜா அம்பட்டுக்குத் தனி நுழைவு அனுமதி வேண்டும். மலேசியாவின் சிபடானில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உள்ளது. கடை மூலமாக வெகு முன்கூட்டியே அனுமதி வாங்காவிட்டால் பக்கத்துத் தீவிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

கடையிடம் கேட்க வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘வரி, பூங்காக் கட்டணம், படகு, கருவி, பாடம், அட்டை எல்லாம் சேர்த்து நான் மொத்தம் எவ்வளவு தர வேண்டும்?’ பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூடவே ரத்து விதியும். கடல் மோசமாகிக் கடையே ரத்து செய்தால் பணமா, வேறு நாளா? உங்களுக்குக் காது அடைத்து முதல் நாளிலேயே நின்றுவிட்டால் மீதி என்ன ஆகும்?

புகைப்படத் தொகுப்பு என்று ஒன்றைக் கடைசியில் நீட்டுவார்கள். வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் முதலிலேயே விலை கேளுங்கள்.

மலிவான கடையும் விலை அதிகமான கடையும் பெரும்பாலும் வேறுபடுவது ஆள் எண்ணிக்கையிலும் கருவியின் வயதிலும்தான். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தங்குமிடத்தில் பிடியுங்கள்.

6. காப்பீடு

சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா விலக்கு என்று சிறிய எழுத்தில் இருக்கும். சிலவற்றில் சேர்ந்திருக்கும், ஆனால் ஆழ வரம்போ ‘சான்றிதழ் பெற்றவருக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோ இருக்கும். நீங்கள் பயிற்சி மாணவர் என்றால் அந்த நிபந்தனை உங்களைத் தள்ளிவிடும். அழுத்தச் சிகிச்சை அறையும் தீவிலிருந்து அவசரமாக வெளியேற்றும் செலவும் பயிற்சிக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. டைவர்களுக்கென்றே டான் (DAN) போன்ற அமைப்புகள் தனிக் காப்பீடு தருகின்றன, அவசரத் தொலைபேசி உதவியும் உண்டு. குறுகிய காலத்துக்கும் எடுக்கலாம். பாலிசி எண்ணையும் அவசர எண்ணையும் தாளில் எழுதி, படகில் எடுத்துப்போகும் பையில் போட்டு வையுங்கள்.

7. எப்போது போவது

‘வெப்பமண்டலம்தானே, எப்போதும் வெயில்’ என்று நினைத்து டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் காற்று மாறும் மாதம் வேறு. தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே கிடக்கும். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் மே வரை கொட்டும் ஜெல்லி மீன் காலம். முழு உடலையும் மூடும் உடை கொடுப்பார்கள். மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மழையும் அலையும் அதிகம், ஆனால் ஹனிஃபாருவில் மாண்டாக்கள் கூடுவதும் அப்போதுதான். மழை என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) பெரியது, நீரோட்டமும் வேகம். புதியவருக்கு இடைப்பட்ட நாட்கள் தோது. காலை நேரத்தில் காற்று பொதுவாக அடங்கியிருக்கும், முதல் படகிலேயே இடம் கேளுங்கள்.

கடல் சூடேறிப் பவளம் வெளுக்கும் செய்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு நடப்பதாக அறிவித்தார்கள். கடைக்கு எழுதும்போது ‘இப்போது திட்டு எப்படி இருக்கிறது?’ என்று நேராகக் கேளுங்கள். நேர்மையான கடை எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்லும்.

கால அட்டவணையில் டைவ் நாட்களை முன்னால் போடுங்கள், சுற்றிப் பார்ப்பதைப் பின்னால். வானிலை கெட்டால் தள்ளிப்போட ஒரு நாள் இருக்கும். கடைசி நாளில் டைவ் செய்யவும் கூடாது. அந்தக் கணக்கு கடைசியில் வருகிறது.

8. கருவி: மாஸ்க் மட்டும் வாங்குங்கள்

மற்றதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மாஸ்க் ஒன்றுதான் முகத்துக்கு முகம் மாறும், சரியாகப் பொருந்தாவிட்டால் முழு நாளும் பாழ். கடையில் பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளிழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் அந்த மாடல் உங்களுக்கில்லை, விலை எவ்வளவாக இருந்தாலும். ஓரத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலே தண்ணீர் கசியும். மீசை வைத்திருப்பவர்கள் மூக்குக்குக் கீழே கொஞ்சம் ஒதுக்கிவிடலாம், அல்லது கசிவோடு சமாதானமாகப் போகலாம்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். அதைப் பற்பசை போட்டு உள்பக்கம் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால், எச்சில் துப்பித் தடவினாலும் ஆவி படிந்துகொண்டே இருக்கும். கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த மாஸ்க் வாங்கலாம். சில கடைகளில் வாடகைக்கும் உண்டு, உங்கள் பவர் எண்ணை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸும் சரிதான்.

முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கெல் மாஸ்க் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். அதில் மூக்கைப் பிடிக்க முடியாது, அதனால் காதுக்குள் அழுத்தத்தைச் சரிசெய்து கீழே முங்க முடியாது. தண்ணீர் புகுந்தால் சட்டென்று குழாயை வாயிலிருந்து துப்பிவிட்டு மூச்சு விடவும் வழியில்லை. பழைய மாதிரிதான் என் ஓட்டு.

முதுகு வெந்துபோகாமல் இருக்க முழுக்கைச் சட்டை போடுங்கள். சன்ஸ்கிரீன் பற்றிச் சட்டமே இருக்கிறது: பசிபிக் தீவு நாடான பலாவில் 2020 முதலும் ஹவாயில் 2021 முதலும், பவளத்துக்குக் கெடுதி என்று கருதப்படும் ஆக்ஸிபென்ஸோன் என்ற வேதிப்பொருள் கலந்தவற்றின் விற்பனைக்குத் தடை. துணி போட்டுக்கொண்டால் இந்தச் சிக்கலே பாதி குறையும்.

9. ஸ்நார்க்கெலிங் மட்டும் செய்பவர்களுக்கு

‘மிதக்கத்தானே போகிறோம்’ என்கிற அலட்சியம்தான் இதில் பெரிய ஆபத்து. திட்டின் மேல் ஓதம் ஏறியிருக்கும்போது சுலபமாக வெளிப்பக்கம் போய்விடுவீர்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் தண்ணீர் வடிந்து, பவளத்துக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருக்கும். அதன் மேல் ஊர்ந்து வருபவர் உடம்பெல்லாம் கீறலோடு வருவார், பவளமும் நொறுங்கும். ஓத நேரம் தெரிந்துகொண்டு, உள்ளூர்க்காரர்கள் எந்தக் கால்வாய் வழியாகப் போய் வருகிறார்கள் என்று பார்த்து அதிலேயே போய் வாருங்கள்.

நீரோட்டத்துக்கு எதிராகத் தொடங்குங்கள், களைத்த பிறகு அது உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். தனியாகப் போகாதீர்கள். படகு வரும் பக்கம் பளிச்சென்ற மிதவை ஒன்றை இழுத்துக்கொண்டு போங்கள்.

கீழே முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சை இழுத்து விடுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, கரியமில வாயுவைத்தான் குறைக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று உடம்பு சொல்வது அந்த வாயுவை வைத்துத்தான். எச்சரிக்கை வராமலேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் போயிருக்கிறார்கள்.

10. டைவ் நாள் காலை

சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்று இறங்காதீர்கள். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போது மருந்து விட்டுப்போய் மேலே வரும்போது அடைத்துக்கொள்ளும். அந்த வலி மோசமானது. கடல் குமட்டல் உள்ளவர்கள் மாத்திரையை முந்தைய இரவே தொடங்குங்கள். அது எழுதிக்கொடுத்த மருந்து என்றால் படிவம் நினைவிருக்கட்டும்.

கருவியை மாட்டும்போது ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். டேங்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து நாலைந்து முறை நன்றாக மூச்சிழுத்தபடி அழுத்தமானியின் முள்ளையே பாருங்கள். முள் 200 பார் (அழுத்தத்தின் அலகு) அருகே அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் டேங்க் வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். மேலே அது தெரியாது, பத்து மீட்டரில் காற்று இழுக்க இழுக்க வராமல் போகும். வருகிற காற்றில் எண்ணெய், புகை வாடை இருந்தாலும் டேங்க்கை மாற்றச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், இதை எந்தப் பயிற்றுநரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

11. தண்ணீருக்குள்

காது முதல் சில மீட்டரில்தான் வலிக்கும். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. அது மறுபடி இரண்டு மடங்காக அங்கிருந்து இன்னும் 20 மீட்டர் இறங்க வேண்டும். அதனால் வலி வருவதற்கு முன்பே, ஒரு மீட்டருக்கு ஒரு முறையாவது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே போய் மறுபடி முயலுங்கள். பலமாக ஊதினால் செவிப்பறை கிழியும். குழு காத்திருக்கட்டும், பரவாயில்லை.

மூச்சை அடக்கவே கூடாது. மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும், அது போக வழி வேண்டும். மெல்ல ஏறுங்கள், நிமிடத்துக்கு 9 மீட்டர் என்பது பாதுகாப்பான வேகம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வெளியே வருவது வழக்கம்.

காற்று பாதியானதும், அதாவது 100 பார் ஆனதும், பயிற்றுநரிடம் கைச்சாடையில் சொல்லுங்கள். 50 பாரோடு படகுக்கு வந்து சேர வேண்டும். புதியவர்களுக்குக் காற்று சீக்கிரம் தீரும், வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு நெருக்கமாகவும் தெரியும். அதனால் பவளம் இன்னும் தள்ளி இருக்கிறதா, ஃபின் இடித்துவிட்டதா என்று கணிப்பது ஆரம்பத்தில் தடுமாறும். கையைக் கட்டிக்கொண்டு, முழங்காலைச் சற்று மடித்து, திட்டிலிருந்து இரண்டு கை தூரம் விட்டு நீந்துங்கள். உருண்டைப் பவளம் ஒரு வருடத்தில் வளர்வது ஒரு சென்டிமீட்டர் அளவில்தான். பொனேரில் கையுறைக்கே தடை, கையுறை போட்டவர் எதையாவது பிடிப்பார் என்பதால்.

கடிக்கிற, குத்துகிற ஆட்கள் பற்றி அதிகம் பயப்பட வேண்டியதில்லை, எதையும் தொடாவிட்டால் முக்கால்வாசி தீர்ந்தது. கல்மீன் பாறை போலவே கிடக்கும். மிதித்துவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான, 45 டிகிரி அளவிலான நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். டைட்டன் ட்ரிகர் மீன் கூடு கட்டும் காலத்தில் துரத்தும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகிறது, ஆகவே மேலே போய்த் தப்பிக்க நினைக்காமல் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள்.

12. மேலே வந்த பிறகு

டைவில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால் அது குமிழியாகிவிடும், அதனால் காத்திருக்க வேண்டும். தனி ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம். பல கடைகள் 24 என்றே சொல்லும், நானும் அதையே கடைப்பிடிக்கிறேன். தீவுக்குத் தீவு பறக்கும் குட்டி விமானமும் விமானம்தான். மலையும் இதில் சேரும். ஹவாயின் மௌயி தீவில் காலையில் டைவ் செய்துவிட்டு அன்றே 3,000 மீட்டருக்கு மேலுள்ள ஹாலியகாலா உச்சிக்குக் கார் ஏறுவது, விமானம் ஏறுவதைவிட மோசமான யோசனை. ஸ்நார்க்கெல் மட்டும் செய்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், தோலில் திட்டுத்திட்டான தடிப்பு, விசித்திரமான களைப்பு இவற்றில் ஏதாவது அன்றோ மறுநாளோ வந்தால் ‘சாமான் தூக்கினதால் இருக்கும்’ என்று தள்ளிவிடாதீர்கள், அந்தக் குமிழிகளின் அறிகுறியாக இருக்கலாம். கடைக்குச் சொல்லி ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு, காப்பீட்டின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

கிளம்பும் முன், டைவ்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் ஒவ்வொரு டைவுக்கும் பயிற்றுநர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். சான்றிதழ் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டதா என்று கடையில் நின்றபடியே கைப்பேசியில் பாருங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்பார்த்து. ஊருக்கு வந்தபின் திருத்தக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பது பெரிய தலைவலி. ஓப்பன் வாட்டர் அட்டைக்குக் காலாவதி கிடையாது. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் இடைவெளி விட்டுப் போனால் பெரும்பாலான கடைகள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு நினைவூட்டல் டைவ் செய்த பிறகே படகில் ஏற்றும். அடுத்த பயணத்தின் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.